முதுகில் ஒரு சிவப்பு அம்பு

பேய், அருள்வாக்கு, கனவில் வந்து சொல்வது, இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு 'பாவம், பெரியவருக்கு வயசாயிருச்சு' என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். கோயம்புத்தூரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் தலை நரைத்தவன் நான். கண்ணால் பார்த்து, விரலால் தடவி, டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்த பிறகுதான் ஒரு பீஸை நல்ல பீஸ் என்று ஒப்புக்கொள்வேன். சாமியாக இருந்தாலும் அதே சோதனைதான்.

ஒருமுறை எங்கள் துணி குடோனில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று செக்கிங் பெண்கள் எல்லாரும் பயந்தார்கள். தனியாகப் போகமாட்டோம் என்றார்கள். நான் உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். யாரோ ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு மறந்துபோன சாவிக்கொத்து, காற்று வரும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து காட்டினேன். "ஏனுங் சார், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் ஒருத்தி. அந்தப் பேயைச் சாக்காக வைத்து இரண்டிரண்டு பேராக குடோனுக்குள் போய் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கதைக்கு வேண்டிய ஒரு சங்கதியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தைத்து வந்த பனியனில் மிஷின் எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஓட்டை என்று ஏதாவது குறை இருந்தால் செக்கிங் மேஜையில் அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம். அம்பின் முனை குறையைக் காட்டும். இதில் எங்கள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. தைத்தவர் அந்த அம்பைப் பிய்க்கக் கூடாது. குறையைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒட்டியவரே மறுபடி பார்ப்பார். சரியாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றினால் அவர் கையாலேயே எடுப்பார். இல்லையென்றால் அம்பு அப்படியே இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் என் சட்டைப் பையில் அந்த ஸ்டிக்கர் தாள் ஒன்று இருந்துகொண்டே இருந்தது. வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவர் விரிசலில் ஒட்டினேன். ஒருநாள் தோசை கருகியபோது தட்டின் ஓரத்தில் ஒட்டினேன். என் மனைவி சரோஜா கரண்டியோடு வந்து, "ஏனுங்க, என்ற மேலயும் ஒண்ணு ஒட்டி வுட்டுருங்க, உங்க மனசு ஆறட்டும்" என்றாள்.

இப்போது நாச்சிமுத்து. சரோஜாவின் தம்பி. குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம், இரண்டு எருமை, நாள் முழுக்கப் பேச்சு. என்னை மச்சான் என்பான், நான் மாப்ளே என்பேன். தோட்டத்துக் கிணறு வற்றிப்போய் போர் போட்டபோது, தண்ணீர் வந்தால் வெள்ளியங்கிரி மலை ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டானாம். தண்ணீர் வந்துவிட்டது. நிலத்தடி நீரோட்டம் பற்றி நான் அவனுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். "அந்த நீரோட்டத்த அங்க வுட்டது யாருங்க மச்சான்?" என்று கேட்டுவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அவனுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி, கண் இருட்டி, வாய் குழறும். அதனால் அவனைத் தனியே அனுப்பச் சரோஜாவுக்கு மனமில்லை. நான் தினமும் காலையில் வெகுதூரம் நடக்கிறவன், திடமாக இருக்கிறேன், ஆகவே நானும் போக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கிளம்பும்போது கடலை மிட்டாயைக் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தோள்பையில் வைத்தாள். மலையில் பிளாஸ்டிக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ற தம்பிய உங்க கண்ணு முன்னாடியே வெச்சுக்கோணும். பின்னால வுட்டுட்டு நீங்க முன்னால போயிராதீங்க. உங்க நடை எனக்குத் தெரியும். கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து உங்க முதுகப் பாத்துட்டேதான் நடந்திருக்கறேன்."

"முதுகுல அப்படி என்ன இருக்குது பாக்கறதுக்கு?" என்றேன்.

"இடது தோளு கொஞ்சம் எறங்கி இருக்குது. வேற ஒண்ணும் இல்லீங்க."

அவள் சொன்னது உண்மைதான். கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால் நான் பத்தடி முன்னால் இருப்பேன். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கால் அப்படிப் பழகிவிட்டது. சரி, கண் முன்னாடியே வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திருப்பூரிலிருந்து மலைக்குப் போகிற எந்தக் கூட்டமும் ஒரே மாதிரி டீ ஷர்ட் போடாமல் போகாது. நாங்கள் இரண்டே பேர் என்றாலும் ஊர் வழக்கத்தை விட முடியுமா? பழைய கம்பெனியில் கேட்டதும் ஏற்றுமதியில் மிஞ்சிய மாம்பழ மஞ்சளில் இரண்டு பீஸ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் ஒன்றின் முதுகில், வலது தோளுக்குக் கீழே, மிளகளவு எண்ணெய்க் கறை. கை தன்பாட்டுக்குப் போய், தாளில் மிச்சமிருந்த கடைசி அம்பை எடுத்து ஒட்டிவிட்டது. கறை இல்லாத பீஸை நான் எடுத்துக்கொண்டேன். கறையுள்ளதை நாச்சிமுத்துவுக்குக் கொடுத்தேன். அம்பை எடுக்க மறந்துபோனேன். கறை பீஸை அவனுக்குக் கொடுத்ததை மறந்து செய்ததாகச் சொல்ல முடியாது.

முதல்நாள் மாலையே அடிவாரம் போய்க் கோயில் மண்டபத்தில் படுத்து, விடியுமுன்னே கிளம்பினோம். வாரநாள் என்பதால் கூட்டம் குறைவு. வனத்துறைச் சோதனையில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு அடையாளமாக அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார் காவலர். ஒட்டிவிட்டு நாச்சிமுத்துவின் முதுகைப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, உங்களுக்கு ஏற்கனவே ஒட்டி அனுப்பிச்சிருக்காங்களா? உங்களையும் திருப்பிக் கொண்டுவரோணுமா?"

நாச்சிமுத்து முதுகுப்பக்கம் கையை விட்டுத் துழாவினான். எட்டவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "அட எடுங்க மச்சான், ஊரே பாக்குது" என்றான்.

"குறையைச் சரி பண்ணாம எடுக்க முடியாது மாப்ளே. கம்பெனி சட்டம்."

"எம்பட மேல என்ன குறைங்க?"

"நடை மெதுவு. சரி பண்ணு, எடுத்தர்றேன்."

அவனும் சிரித்துவிட்டான். ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏறினோம். அவன் முன்னால், நான் பின்னால், கொடுத்த வாக்குப்படி. ஏழு மலை தாண்ட வேண்டும், அதில் முதல் மலை முழுக்கப் படி. டார்ச் வெளிச்சம் படும்போதெல்லாம் அந்தச் சிவப்பு அம்பு என் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டே போனது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலைப் பொழுதைப்போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. விடிந்ததும் மரங்களுக்கிடையே எங்கோ கீழே சமவெளி தெரிந்தது. நாச்சிமுத்து எதிரே இறங்கி வருகிற எல்லாரிடமும் "எந்த ஊருங்க, என்ன சோலிங்க, பொண்ணு இருக்குதுங்களா" என்று விசாரித்துக்கொண்டே வந்தான். மூன்றாம் மலையில் கைதட்டிச் சுனை. அங்கே கைதட்டினால் தண்ணீர் கூடும் என்பது நம்பிக்கை. தட்டினாலும் தட்டாவிட்டாலும் அதே தண்ணீர்தான் வரும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் தட்டினான்.

"பாத்தீங்களா, வந்துது."

"முன்னாடியும் வந்துட்டுத்தான் இருந்துது."

"இது எனக்காக வந்ததுங்க. உங்களுக்கு வேணும்னா நீங்க தட்டுங்க."

அங்கே அவனுக்குக் கொஞ்சம் மூச்சு இரைத்ததால் தோள்பையை நான் வாங்கிக்கொண்டேன். நல்ல மனதோடுதான் வாங்கினேன். பிறகு நடந்ததற்கு அதுவே காரணமாகிவிட்டது.

ஐந்தாம் மலை தாண்டியதும் மரங்கள் தீர்ந்து புல்மேடு வந்துவிடும். ஆறாம் மலை இறக்கத்தில் ஆண்டிச் சுனை. இருவரும் டீ ஷர்ட்டைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டுக் குளித்தோம். ஐஸ் தண்ணீர். நாச்சிமுத்து "அய்யோ மச்சான், அய்யோ மச்சான்" என்று கத்திக்கொண்டே முங்கினான். எழுந்து துவட்டி, டீ ஷர்ட்டைப் போட்டு, அதன்மேல் பழுப்பு ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டான். நடுக்கம் நிற்கவில்லை.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாமுங்க மச்சான். காலு கேக்க மாட்டீங்குது."

அப்போது எதிரே ஏழாம் மலை பளிச்சென்று தெரிந்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டால் உச்சியிலிருந்து ஒன்றும் பார்க்க முடியாது. இத்தனை தூரம் வந்து, சாமிக்காக இல்லாவிட்டாலும், அந்தக் காட்சியை விடுவதா என்று எனக்கு அரிப்பு. சாமியை நம்பாதவனுக்கு உச்சிக்கு முதலில் போகிற அவசரம்.

"நீ இங்கயே உக்காரு மாப்ளே. நான் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றேன். பொறவு ரெண்டு பேரும் மெதுவா ஏறிக்கலாம்."

"செரிங்க" என்றான். நான் விறுவிறுவென்று ஏறினேன். பையை இறக்கி வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

உச்சியில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கூரை மாதிரி நிற்கும். அதன் அடியில் சுயம்பு லிங்கம். காற்று ஆளைத் தள்ளியது. எனக்கு முன்னால் கறுப்பு டீ ஷர்ட்டில் நாலைந்து பையன்கள் நின்றிருந்தார்கள். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் வேலையாம். ஒருவனுக்குத் தோள் தையல் விட்டிருந்தது. சொன்னேன். "மலை உச்சிக்கு வந்தும் செக்கிங்கா சார்!" என்று சிரித்தார்கள். அவர்களோடு படம் எடுத்துக்கொண்டேன். மலையும் பள்ளமும் மேகத்தின் நிழலும், சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. ஒரு பத்து நிமிடம் என்று நினைத்தது நீண்டுகொண்டே போனது.

அப்போதுதான் போன் அடித்தது. அந்த உயரத்தில் எப்படியோ சிக்னல். சரோஜா.

"ஏனுங்க, மேல போயிட்டீங்களா? தம்பி எங்கிங்க?"

"பக்கத்துலதான் இருக்கறான்."

"குடுங்களே, ஒரு வார்த்தை பேசறேன்."

"கண்ண மூடிக் கும்புட்டுட்டு இருக்கறான். சாமி முன்னாடி போன் எதுக்கு? கீழ வந்து பேசிக்கலாம்."

"செரிங்க, செரிங்க. முட்டாயி குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு."

சொல்லும்போது என் கை தோள்பைக்குள் அந்தப் பொட்டலத்தின்மேல்தான் இருந்தது. கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அவள் திட்டுவாள் என்ற பயம்கூட இல்லை. அந்த நேரத்துச் சந்தோஷம் கலைந்துவிடக் கூடாது என்று மட்டும்தான். அவ்வளவு சின்னக் காரணம். மாத்திரை போட்டுக்கொண்ட மனுஷன், குளிர்ந்த தண்ணீரில் முங்கி எழுந்து, வெறும் வயிற்றோடு கீழே உட்கார்ந்திருக்கிறான் என்பது போனை வைத்த பிறகுதான் என் மண்டையில் உறைத்தது.

திரும்பிப் பார்த்தால் மலை இல்லை. பனி மூடிவிட்டது.

மலைப்பனி தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, நிமிஷத்தில் வரும், நிமிஷத்தில் போகும். பதறிக்கொண்டு இறங்கினேன். தடியால் தட்டித் தட்டி, கல்லா புல்லா என்று பார்த்து, பாதி வழி வந்திருப்பேன். எந்தப் பக்கம் தடம் என்றே தெரியவில்லை. "மாப்ளே!" என்று கத்தினேன். பஞ்சு மூட்டைக்குள் கத்தியது போல இருந்தது.

அப்போது எனக்கு முன்னால், ஐந்தாறு அடியில், மஞ்சள் டீ ஷர்ட் தெரிந்தது. முதுகு. முதுகில் சிவப்பு அம்பு.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அடுத்த நொடியே கோபம். நான் வருவதற்குள் இவனுக்கு என்ன அவசரம், மேலே ஏறி வந்து வழிதவறித் திரும்பிப் போகிறான் போல. "நில்றா மாப்ளே! முட்டாயி கொண்டாந்திருக்கறேன்!" நிற்கவில்லை. திரும்பவும் இல்லை. நான் வேகமாக நடந்தால் அந்த முதுகும் வேகமாகப் போனது. நான் நின்றால் நின்றது. எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. என் நடைக்கு முன்னால் இதுவரை ஒருவரும் அப்படிப் போனதில்லை.

இப்போது சொல்வதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. செக்கிங் வேலை பார்த்தவன் கண் எந்த நிலையிலும் துணியைத்தான் முதலில் பார்க்கும். அந்த அம்பு இருந்தது. அது காட்டவேண்டிய எண்ணெய்க் கறை இல்லை. முனைக்கு முன்னால் துணி சுத்தமாக இருந்தது. குளித்த ஈரத்தில் கறை போய்விட்டதோ என்று நினைத்தேன். மிஷின் எண்ணெய் அப்படிப் போகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். இன்னொன்று, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. குளிரில் கோணிக்கொண்டு நடக்கிறான் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சுனைக்குப் போகிற தடத்தில் கல்லும் மண்ணும் கலந்திருக்கும். கால் அடியில் இப்போது வெறும் புல். தடத்தைவிட்டு விலகிப் போகிறோம் என்று புரிந்தது. "அந்தப் பக்கம் வேண்டாண்டா, பள்ளம் இருக்கும்!" என்று கத்தினேன். அந்த முதுகு ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. நானும் சுற்றிக்கொண்டு போனேன்.

அங்கே ஒருவரும் நிற்கவில்லை. பாறைக்கு அடியில் நாச்சிமுத்து கிடந்தான். பழுப்பு ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்து விட்டுக்கொண்டு, காலை மடக்கி, நெற்றியெல்லாம் வியர்த்து, வாய் என்னவோ முனகியது. அவனிடமிருந்து இரண்டு கை தூரத்தில் புல் முடிந்தது. அதற்கப்புறம் பனிதான், கீழே எவ்வளவு ஆழமோ.

மிட்டாயை என் பல்லாலேயே கடித்துப் பொடித்து அவன் வாயில் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். மறுபடி மிட்டாய். மடியில் தலையை வைத்துக்கொண்டு, என்னென்னவோ பேசினேன், அழுதேன் என்றே நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான்.

"என்னுங்க மச்சான், முட்டாயில மண்ணு கெடக்குது."

அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஒதுங்கலாம் என்று எழுந்து வந்தானாம், பனி மூடியதும் திரும்பத் தெரியவில்லையாம், பிறகு கண் இருட்டிவிட்டதாம். ஸ்வெட்டரை எப்போது போட்டாய் என்று கேட்டேன். "நீங்க பாக்கத்தானுங்க போட்டேன், சுனைகிட்டயே" என்றான். அதன் பிறகு கழற்றவே இல்லையாம். ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் டீ ஷர்ட், எண்ணெய்க் கறை, அதைக் காட்டிக்கொண்டு அம்பு. எல்லாம் அதனதன் இடத்தில்.

பனி விலகியதும் அந்தக் கறுப்பு டீ ஷர்ட் பையன்கள் இறங்கி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் இரண்டு பேர் நாச்சிமுத்துவைக் கைத்தாங்கலாகத் தடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தோள் தையல் விட்டவன் என்னிடம் கேட்டான்: "இன்னொருத்தர் எங்க சார்?"

"எந்த இன்னொருத்தர்?"

"நடுவுல பனி கொஞ்சம் விலகுனப்ப நீங்க எறங்கறத மேல இருந்து பாத்தமுங்க. ரெண்டு மஞ்சச் சட்டை, முன்னும் பின்னுமாப் போச்சு. இவரு ஸ்வெட்டர்ல இருக்காரு. அவரு யாருங்க?"

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

உச்சிக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதை நாச்சிமுத்து கேட்கவில்லை. மிச்ச மிட்டாயையும் தின்றுவிட்டு, பையன்கள் துணைக்கு வர, ஏறிக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினான். இந்த முறை அவனைவிட்டு ஓரடிகூட நான் முன்னால் போகவில்லை. அடிவாரத்தில் காவலரிடம் பாட்டிலைக் காட்டியபோது நாச்சிமுத்து, "என்னையும் கணக்குல எழுதிக்குங்க, திருப்பிக் கொண்டாந்துட்டாரு" என்றான். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா கேட்ட முதல் கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள் நாச்சிமுத்து முந்திக்கொண்டான். "லேசாக் கண்ணு இருட்டுச்சுக்கா. மச்சான் பக்கத்துலயே இருந்தாரு, முட்டாயி குடுத்தாரு, செரியாப் போச்சு." என்னை அவன் பார்க்கக்கூட இல்லை. நல்லவன் அப்படித்தான் நம்மைக் கொன்றுபோடுவான்.

நான் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். பின்னாலிருந்து சரோஜா சிரித்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு யாருங்க ஒட்டி வுட்டது?"

கழற்றிப் பார்த்தேன். என் மஞ்சள் டீ ஷர்ட்டின் முதுகில், வலது தோளுக்குக் கீழே, சிவப்பு அம்பு. நாச்சிமுத்துவின் முதுகில் அவனுடையது அப்படியே இருந்தது. ஆக இது வேறொன்று. தாளில் இருந்தது ஒன்றுதான், அதை அவனுக்கு ஒட்டிவிட்டேன். நீங்கள் இப்போது நினைப்பதை நானும் நினைத்தேன், சுனையில் குளிக்கும்போது அவன் விளையாட்டுக்கு எங்கோ கிடைத்ததை ஒட்டியிருப்பான் என்று. பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறான், தெரியாது என்கிறான். அந்தப் பையன்களையும் சந்தேகப்பட்டேன். ஆனால் அவர்கள் மேலே நின்றபோதே, எனக்கு முன்னால் பனியில் போன முதுகில் அது இருந்ததே.

சரோஜா டீ ஷர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துணியில ஒண்ணும் இல்லீங்களே. கறை இல்லை, தையல் நல்லா இருக்குது. இது எதுக்கு ஒட்டுனாங்க?" பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "துணிக்கு ஒட்டல போல. ஆளுக்கு ஒட்டியிருக்காங்க. யாரு செக் பண்ணுனாங்களோ, வேலை தெரிஞ்சவங்கதான்."

நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

நம் முதுகை நாம் பார்த்ததில்லை, கவனித்திருக்கிறீர்களா? இத்தனை வருஷமாக என் முதுகைப் பார்த்து நடந்தவள் சரோஜா ஒருத்திதான். அன்றைக்கு மலையில் அதன் பின்னால் நடந்து பார்த்தது நான்.

இரண்டு கோடை போய்விட்டது. நாச்சிமுத்துவின் அம்பு முதல் சலவையிலேயே உதிர்ந்துவிட்டது. அந்த ஸ்டிக்கர் பசை அவ்வளவுதான் தாங்கும், எனக்குத் தெரியாததா. என்னுடையது வாஷிங் மிஷினில் எத்தனையோ முறை சுற்றிவிட்டது. வெயிலில் காய்ந்தது. போன வருஷம் மறுபடி அதையே போட்டுக்கொண்டு, நாச்சிமுத்துவை முன்னால் விட்டு, மலைக்கும் போய்வந்தேன். ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை. சிவப்பும் வெளுக்கவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம்தான். ஆனால் ஒட்டியவர் எடுக்க வேண்டியதை நான் எடுப்பது எங்கள் சட்டத்தில் இல்லை. அதுவும் குறையைச் சரிசெய்யாமல்.

தம்பி பக்கத்தில் இருக்கிறான், மிட்டாய் கொடுத்தாச்சு என்று போனில் சொன்னது பொய் என்பது சரோஜாவுக்கு இன்றுவரை தெரியாது. நான் எழுதுவதையெல்லாம் அவள்தான் முதலில் படிப்பாள். நாளைக் காலையில் காபி குடிக்கும்போது இதை அவள் கையில் கொடுக்கப்போகிறேன். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவள் படித்து முடித்ததும் நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் டீ ஷர்ட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அம்பு அப்படியே இருந்தால் எனக்குப் பயம்தான். இல்லாமல் போயிருந்தால், எங்கள் பூட்டிய பீரோவுக்குள் வந்து எடுத்தது யார் என்று அதைவிடப் பயம்.